ஜாங்கிரி எழுத்துக் கேசட்

எங்கள் வீட்டில் எதையும் ஒற்றையாக வாங்கும் வழக்கம் இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் நைனார்பாளையத்தில் ஒரே நிலத்தில் ஒரே வரவு செலவில் பயிர் வைத்தவர்கள். வீட்டை மட்டும் நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் பெரியப்பா மகள். என்னைவிடச் சில மாதம்தான் மூத்தவள், அந்தச் சில மாதத்துக்காக அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வளர்த்தார்கள். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. தீபாவளிக்கு ஒரே துணியில் வெட்டிய பாவாடை. அவளுக்கு வளையல் வந்தால் எனக்கும் வளையல். எனக்குக் குடை வாங்கினால் அவளுக்கும் குடை, மழை எட்டிப் பார்க்காத வருஷத்திலும்.

இதில் அப்பாதான் ரொம்பக் கறார். பெரியப்பாகூட சில சமயம் மறந்துவிடுவார். அப்பா மறக்கவே மாட்டார். கடையில் எதை எடுத்தாலும் "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க" என்பார். யாராவது கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதாங்க. அதுல இன்னா பேதம்?" என்பார். ஊரில் இதைச் சொல்லி அவரைப் பாராட்டுவார்கள். நானும் பக்கத்தில் நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சை நான் முழுசாக நம்பினேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு முடிகிற சமயம், கரும்பு வெட்டிப் பணம் வந்த வாரத்தில், அப்பா கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையிலிருந்து டிவி கேம் வாங்கி வந்தார். வழக்கம்போல இரண்டு பெட்டி. கூடவே இரண்டு மஞ்சள் கேசட். இரண்டின் மேலும் ஒரே ஸ்டிக்கர்: தலையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு குட்டிப் பையன் ஒரு பலகையிலிருந்து இன்னொரு பலகைக்குத் தாவுகிறான். கரும்பு லோடு ஏற்றுகிறவர்கள் தலையில் துண்டு கட்டியிருப்பார்கள் இல்லையா, அப்படியே இருந்தது. அதனால் அவனுக்கு நாங்கள் துண்டுக்காரன் என்று பேர் வைத்தோம். அந்த விளையாட்டுக்கு உண்மையில் என்ன பேர் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

விளையாட்டு இவ்வளவுதான். துண்டுக்காரன் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அந்தரத்தில் மிதக்கிற பலகைகளில் தாவ வேண்டும். வழியில் பரங்கிக்காய் பொறுக்க வேண்டும். ஆமை, வௌவால், நெருப்புத் துப்புகிற தவளை எல்லாம் வரும். மேலே மூலையில் மூன்று இதயம் இருக்கும், அடிபட்டால் குறையும். ஐந்து கட்டம் தாண்டினால் கடைசியில் ஒரு இரும்புக் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவள்தான் ஜெயித்தவள்.

கேசட்டைப் போட்டதும் என் வீட்டில் ஒரு பிரச்சினை கிளம்பியது. திரையில் வந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. ஜாங்கிரி பிழிந்து விட்ட மாதிரி சுற்றிச் சுற்றி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிப் போய்ப் பார்த்தேன். அங்கே அக்காவின் கேசட்டில் சுத்தமான இங்கிலீஷ். மற்றதெல்லாம் அதேதான். அதே துண்டுக்காரன், அதே பாட்டு, அதே தவளை.

நான் ரெண்டு நாள் அழுதேன். எங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் எழுதியிருந்தால் அது ஒரிஜினல். மிக்ஸி, டார்ச் லைட், பூச்சி மருந்து, எதுவானாலும் அட்டையில் இங்கிலீஷைத்தான் தேடுவோம். படிக்க முடியாத எழுத்து இருந்தால் அது டூப்ளிகேட். என் தலையில் டூப்ளிகேட்டைக் கட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்கு அழுகை. அப்பா கேசட்டை எடுத்துக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனார். கடைக்காரர் "கேம் ஒண்ணுதாங்க, எழுத்துதான் வேற" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவும் அதையே வந்து சொன்னார். அது ஜப்பான்காரன் எழுத்து என்று கண்டுபிடிக்க ஆள் இல்லை. கண்டுபிடித்திருந்தாலும் நான் சமாதானம் ஆகியிருக்க மாட்டேன்.

ஆனால் ஆடத் தொடங்கியதும் எழுத்தை மறந்துவிட்டேன். எனக்குக் கை நன்றாக வந்தது. கொஞ்ச நாளிலேயே நாலாவது கட்டம் வரை போய்விட்டேன். அக்கா மூன்றாவதிலேயே மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாள். நடுச்சுவர் மெல்லிய சுவர். அவள் ஆடினால் பாட்டு எனக்குக் கேட்கும், துண்டுக்காரன் செத்தால் வருகிற 'டொய்ங்' சத்தமும் கேட்கும். அந்தப் பக்கம் டொய்ங், டொய்ங் என்று அடிக்கடி கேட்கும். நான் சுவரைத் தட்டிச் சிரிப்பேன். "போடீ" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வரும். அவ்வளவு நெருக்கம் எங்களுக்கு. கூடப் பிறந்தவள் இருந்திருந்தால்கூட இப்படி இருந்திருப்போமா என்று நினைப்பேன்.

பத்தாம் வகுப்பு தொடங்கியதும் இரண்டு பெட்டியும் பரணுக்குப் போய்விட்டன. பரீட்சை முடிந்த சித்திரையில், அவற்றை இறக்கிவைத்த கையோடு எனக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைமேல் படுக்கை. டிவி போடக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்றார்கள். கேசட் சும்மாதானே கிடக்கிறது என்று அக்கா எடுத்துப் போனாள். படுத்தபடியே சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். டொய்ங் சத்தம் குறைந்திருந்தது. தேறிவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அக்கா வந்தாள். கையில் அவளுடைய இங்கிலீஷ் கேசட். என் பக்கத்தில் உட்கார்ந்து அதை என் மடியில் வைத்தாள்.

"இந்தா, நீ இத வெச்சிக்க. உன்து நான் வெச்சிக்கறேன்."

"இன்னாக்கா, இது ஒரிஜினலாச்சே!"

"இருக்கட்டும்டி. நீதான அதுக்கு அழுதுகினு இருந்த."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாகூட, "பாரு, பெரியவ பெரியவதான்" என்றாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனை வருஷம் கையில் பொத்தி வைத்திருந்தேன் தெரியுமா? அவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறி என் கால் வீங்கியபோது, அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் நான் கூட இருந்தபோது, யாராவது "நீ ஏன் இப்படி உழைக்கிற?" என்று கேட்டால் நான் இந்தக் கேசட் கதையைத்தான் சொல்வேன். தனக்கு இருந்த நல்லதை எனக்குக் கொடுத்தவள் என்பேன்.

இங்கிலீஷ் கேசட்டில் ஆட ஆரம்பித்தபோது எனக்கு எதுவும் சரியாக வரவில்லை. அடிபட்டால் ஒரு இதயம் போவதற்குப் பதில் சில இடத்தில் ரெண்டாகப் போயிற்று. பலகை காலை வைப்பதற்குள் கீழே இறங்கியது. மொத்தமாகச் செத்தால் முதல் கட்டத்திலிருந்து ஆட வேண்டியிருந்தது. என்னுடைய பழைய கேசட்டில் விட்ட கட்டத்திலேயே தொடரலாம். அம்மை கண்டு எழுந்த உடம்பு, கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருந்த அம்மாதான் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். இருந்தாலும் மனசு கேட்காமல் அப்பாவிடம் ஒருநாள் சொன்னேன்.

"இது ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா."

"ஒரிஜினல்னா அப்பிடிதாம்மா இருக்கும்" என்றார் அப்பா.

எனக்கு அது சரியாகப் பட்டது. டவுனில் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் கண்டிப்பாக இருக்கும் என்பார்களே, அந்த மாதிரி இங்கிலீஷ் கேசட்டும் கண்டிப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு இதை எழுதும்போது என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ரிசல்ட் வந்தது. இருவரும் நல்ல மார்க். எனக்கு அவளைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. பதினொன்றாம் வகுப்புக்குக் கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலோடு ஒரு பள்ளி இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் குரூப் இருந்தது. எனக்கு அதுதான் வேண்டும் என்று எட்டாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவும் அதே பள்ளிக்குத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் வீட்டில் பேசிப் பார்த்து, இரண்டு பேரையும் அனுப்பத் தோதில்லை, ஒருத்திதான் போகலாம் என்று முடிவாயிற்று. போகாதவள் ஊர்ப் பள்ளியில் கிடைக்கிற குரூப்பில் படித்துக்கொள்ள வேண்டியது.

மார்க்கை வைத்து முடிவு பண்ணலாம் என்று பெரியப்பாதான் சொன்னார். பெரியப்பா நேரான மனுஷன், அவர் மகளே தோற்பாள் என்று தெரிந்தும் சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"மார்க்க வெச்சி சொன்னா ஒருத்தி மனசு ஒடஞ்சி பூடும்ணா. அதுங்களே ஆடி முடிவு பண்ணட்டும். அந்தத் துண்டுக்காரன் கேம மொதல்ல யாரு முடிக்கறாளோ அவ போவட்டும். ஞாயித்துக்கெழம சாயந்தரம் வரிக்கும் டைமு. திங்கக்கெழம பள்ளிக்கொடத்துல அப்ளிகேசன் பாரம் வாங்கணும்."

"இன்னாடா கூத்து இது?" என்று பெரியப்பா சிரித்தார். பெரியம்மா சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் உள்ளுக்குள் துள்ளினேன். எங்கள் இருவரில் யார் நன்றாக ஆடுகிறவள் என்று அந்த வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். அப்பா வெளியே ரெண்டும் ஒண்ணு என்று சொன்னாலும் உள்ளே என் பக்கம்தான், எனக்காகத்தான் இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அந்த வாரம் முழுக்க அப்பா மாலையில் சீக்கிரம் வயலிலிருந்து வந்துவிடுவார். போண்டா வாங்கி வருவார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு திரையைப் பார்ப்பார். அவருக்கு அந்த விளையாட்டு ஒன்றும் புரியாது. ஆனாலும், "ஆடும்மா, ஆடு, விடாத" என்பார். நான் பள்ளம் தாண்டும்போது என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடி எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. அம்மா அப்போது ஆபரேஷன் முடிந்து எழுந்து நடமாட முடியாமல் இருந்தாள். மாட்டைக் கறப்பது, சமைப்பது எல்லாம் என் தலையில். வேலையை முடித்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தால் அப்பா எனக்கு முன்னாடி உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வரை இரண்டு பேரும் முடிக்கவில்லை. அக்காவின் பக்கம் ஐந்தாவது கட்டப் பாட்டு ரெண்டு நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தது. நான் கண்டிப்பான கேசட்டோடு மல்லுக்கட்டி, செத்து, முதலிலிருந்து வந்து, மறுபடி செத்து, கடைசி மாலையில் ஒரு வழியாக ஐந்தாவதுக்குள் நுழைந்தேன். ஒரே ஒரு இதயம் பாக்கி. வௌவாலைத் தாண்டினேன். தவளையைத் தாண்டினேன். கீழே இறங்குகிற பலகைகள் எல்லாம் எனக்கு அதற்குள் மனப்பாடம். தூரத்தில் இரும்புக் கதவு தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கண்ணால் பார்த்தேன்.

"அப்பா, கதவு! கதவு வந்துடுச்சி!"

என் தோளிலிருந்து கை எடுபட்டது. "தண்ணி குடிச்சிட்டு வரேம்மா" என்று அவர் எழுந்து போனார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு பலகை. மூன்று பலகை. ரெண்டு பலகை.

டிவி அணைந்தது. விசிறி நின்றது. இருட்டு.

கரண்டு போய்விட்டதென்றால் இரண்டு வீட்டிலும் போயிருக்க வேண்டும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் கத்திக்கொண்டே வெளியே ஓடினேன். அப்பா மீட்டர் போர்டு கிட்ட நின்றுகொண்டிருந்தார். கையில் பியூஸ் கட்டை.

"நம்ம வூட்டு பியூஸு பூட்ச்சிம்மா. கம்பி எரிஞ்சிட்ச்சி. இரு, கட்டிடறேன். டார்ச்சு எட்தா."

நான் டார்ச் எடுத்து வந்து பிடித்தேன். அவர் கம்பி சுற்றினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி முதல் கட்டத்திலிருந்துதான். அப்போது சுவர் வழியாக, அதுவரை நான் ஒரு தடவையும் கேட்டிராத ஒரு பாட்டு வந்தது. மெதுவான, நிதானமான ஒரு பாட்டு. அதைத் தொடர்ந்து பெரியம்மாவின் சத்தம்: "முடிச்சிட்டா! எம் பொண்ணு முடிச்சிட்டா!"

நான் சண்டை போடவில்லை. பேச்சு பேச்சுதான். யார் முதலில் முடிக்கிறாளோ அவள் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன், அவள் முடித்தாள், அவள் போனாள். பியூஸ் போனதற்கு யார் என்ன செய்ய முடியும்? அப்பா என் தலையைத் தடவி, "நியாயஸ்திடி எம் பொண்ணு" என்றார். டிரங்குப் பெட்டியை பஸ் வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. நான் ஊர்ப் பள்ளியில் கிடைத்த குரூப்பில் படித்தேன். அம்மா போகிறவரைக்கும் கூடவே இருந்தேன். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று. ஊர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா எடுக்க, ஜாதிச் சான்றிதழ் விண்ணப்பிக்க வருகிறவர்களுக்கு கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கிறேன். ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் அந்த வழியில்தான் எனக்குக் கிடைத்தது. அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். அக்கா படித்து டீச்சர் ஆனாள். இப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலை பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேலை.

போன மாதம் ஒரு மத்தியான வேளை. கடையில் ஆள் இல்லை. போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது துண்டுக்காரன் வந்து நின்றான். சிவப்புத் துணி, பரங்கிக்காய், தவளை, எல்லாம் அப்படியே. யாரோ ஒரு ஆள் அந்த விளையாட்டின் வேறு வேறு நாட்டுப் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எங்கெங்கே வித்தியாசம் என்று காட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஜாங்கிரி எழுத்து. வலது பக்கம் இங்கிலீஷ்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். முதலில் செய்தது ஜப்பானில். அதுதான் அசல். அதில் ஒரு அடிக்கு ஒரு இதயம்தான் போகும். செத்தால் அதே கட்டத்தில் தொடரலாம். பலகை ஆளை நிற்கவிட்டுத்தான் இறங்கும். அதை அமெரிக்காவுக்கு அனுப்பும்போது வேண்டுமென்றே கஷ்டமாக்கினார்களாம். அங்கே கேசட்டை வாடகைக்கு விடுகிற கடைகள் உண்டு. ஒரே நாளில் முடித்துவிட்டால் யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள் என்று கணக்கு. அதனால் மூன்றாவது கட்டத்திலிருந்து அடி ரெட்டிப்பு, பலகை வேகம், செத்தால் முதலிலிருந்து. ஐரோப்பாவுக்குப் போனது இன்னொரு தினுசு, அந்த ஊர் டிவிக்கு ஏற்ற மாதிரி எல்லாம் மந்தமாக ஓடும். அதில் துண்டுக்காரன் விருந்து சாப்பிட்டவன் மாதிரி அசைந்து அசைந்து போகிறான்.

முடிவும்கூட வேறு. இங்கிலீஷ் பதிப்பில் கதவு திறந்தால் கறுப்புத் திரையில் ரெண்டு வரி வாழ்த்து, அவ்வளவுதான். ஜப்பான் பதிப்பில் கதவுக்குப் பின்னால் ஒரு வீடு. உள்ளே அவன் தங்கை காத்துக்கொண்டிருக்கிறாள். பொறுக்கி வந்த பரங்கிக்காயை இருவரும் பாதி பாதியாக வெட்டிச் சாப்பிடுகிறார்கள். அப்போது அந்த மெதுவான பாட்டு வந்தது. அன்றைக்குச் சுவர் வழியாகக் கேட்டேனே, அதே பாட்டு.

கடையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். என்னுடையதுதான் அசல். அவள் கொடுத்ததுதான் எங்கேயோ யாரையோ தோற்கடிப்பதற்காகத் திருத்தியது. அவள் இரண்டிலும் ஆடிப் பார்த்திருக்கிறாள். நான் வேப்பிலையில் கிடந்தபோது ஆடிப் பார்த்திருக்கிறாள். தெரிந்துதான் கொண்டு வந்து என் மடியில் வைத்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கு பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சியில் மாறி, வடக்கனந்தல் தாண்டி, கச்சிராயபாளையத்தில் பாதி பஸ் இறங்கிவிட, மேலே வளைவு வளைவாக ஏறும்போது வழி முழுக்க அவளை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சில கேள்விகள் அச்சில் ஏற்ற முடியாதவை. பஸ்ஸில் பக்கத்தில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்.

அக்கா என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் வந்தாள். "இன்னாடி திடீர்னு? போன்கூடப் பண்ணாத?" என்று கையைப் பிடித்தாள். நான் உட்காரவில்லை. போனை எடுத்து அந்த வீடியோவை ஓடவிட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் பார்த்தாள். கொஞ்சம்தான் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"டீ போடறேன், உக்காரு."

"டீ கெடக்கட்டும். தெரிஞ்சிதான குடுத்த?"

"தெரிஞ்சிதான் குடுத்தேன்."

இல்லை என்பாள், மறந்துவிட்டது என்பாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தேன். ஆமாம் என்று நேராகச் சொன்னால் என்ன செய்வதென்று யோசித்து வரவில்லை.

"அது ஒரிஜினலாச்சேன்னு நான் சொன்னதுக்கு, இருக்கட்டும்னு எம் மடியிலயே வுட்டியேக்கா. நான் அழுதேனே. அதப் பாத்துகினேதான இருந்த?"

"பாத்தேன். எனக்கும் போவணும்னு இருந்துச்சிடி. உனக்கு மட்டும்தான் இருந்துச்சா?" என்றாள். குரல் உயர்ந்தது. பிறகு தணிந்தது. "ஆனா அது என் யோசன இல்ல. அவ்ளோ புத்தி எனக்கு ஏது அப்ப? உனக்கு அம்ம போட்டிருக்கச்சொல்ல நான் சும்மா பேச்சுக்கு சித்தப்பா கிட்ட சொன்னேன், அவளோட கேசட்டு லேசா இருக்கு சித்தப்பா, என்னோடதுதான் கஷ்டம்னு. அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்பறம், அப்ப அவளோடத நீ மாத்தி வாங்கிக்க, நான் சொன்னேன்னு சொல்லாதன்னாரு. பந்தயமே அதுக்கப்பறம்தான வந்துச்சி."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கப்பாவா?"

"அவருதான். எங்கூட்ல அம்மா நல்லா இருந்தாங்க, வேல ஓடும். உங்கூட்ல சித்திக்கு ஆபரேஷன்னு அப்பவே சொல்லிட்டாங்க, அப்பறம் எழுந்திரிக்க முடியாதுன்னும் சொல்லிட்டாங்க. நீ போய்ட்டா யாரு பாக்கறது? அத உங்கிட்ட அவரால சொல்ல முடியில. போவாதன்னு சொன்னா நீ சண்ட போடுவ. ஆட்டத்துல தோத்தா மட்டும் வாயத் தொறக்க மாட்ட, ஒத்துக்குவ. அது அவருக்குத் தெரியும். அப்பிடிதான் எங்கிட்ட சொன்னாரு."

அவள் போட்ட டீயைக் குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் மலை இறங்கினேன். அவள்மேல் இருந்த கோபம் பாதி வழியிலேயே சின்னதாகிப் போனது. அவள் பதினைந்து வயசுப் பெண், ஆசைப்பட்டாள், எடுத்துக்கொண்டாள். அதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடலாம். ஆனால் அப்பா? 'போவாதம்மா, உங்கம்மாவுக்கு ஆள் வேணும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், நாலு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன், அப்புறம் இருந்துதான் இருப்பேன். என் அம்மா அவள். என்னைக் கேட்காமலே, நான் பேச்சு மாறாதவள் என்கிற ஒன்றையே கயிறாக்கி என்னைக் கட்டிப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் நியாயஸ்தி என்று பட்டம் வேறு.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாயிற்று. அப்பா சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். தட்டு வைத்தேன். சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"கேசட்ட மாத்தச் சொன்னது நீதானாமே?"

எந்தக் கேசட் என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் மனசிலும் அது ஒரு நாளும் பழசாகவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சொல்லு. நான் தோக்கணும்னு செஞ்சிட்டு, எம் பக்கத்துல உக்காந்து ஆடு ஆடுன்னு சொன்னியே, எப்பிடிப்பா வந்துச்சி வாயி? தோளப் புடிச்சிகினு இருந்தியே?"

"நீ ஜெயிச்சிடுவியோன்னு பயந்துகினேதாம்மா உக்காந்திருந்தேன்" என்றார்.

அந்தப் பிடிக்கு அதுதான் அர்த்தம். நான் பள்ளம் தாண்டும்போதெல்லாம் அவர் விரல் இறுகியதே, நான் விழுந்துவிடுவேனோ என்று இல்லை. எனக்கு வேறு எதுவும் கேட்க வேண்டாம் போல இருந்தது. ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"அப்ப அந்த பியூஸு?"

பிசைந்த சோற்றை அவர் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"கம்பி நல்லாதாம்மா இருந்துச்சி."

அன்றைக்கு அவர் அந்தக் கம்பியைச் சுற்றி முடிக்கிற வரைக்கும், ஷாக் அடித்துவிடுமோ என்று பயந்து, அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் டார்ச் பிடித்தவள் நான்தான்.